பக்கத்துக்குப் பரீட்சை வைத்தார்கள், நான் பாஸானேன்

எனக்கு வயது எழுபத்திரண்டு. வளர்த்தது ஆறு பேரை. நான் பெற்றது நாலு. மற்ற ரெண்டும் கொழுந்தன் பிள்ளைகள். (ஆறு பேருக்கும் ஒரே சோறு, ஒரே அடி. வேண்டுமென்றால் கேட்டுப் பாருங்கள், அடியைத்தான் முதலில் சொல்லுவார்கள்.) இப்படி ஆறு பேரை ஆளாக்கிவிட்ட பொம்பிளைக்கு ஒரு வியாதி வந்து சேரும். "இது உன்னால ஆகாது" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறது, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை இருக்கிறது. இதற்கு மட்டும் திருவனந்தபுரத்தில் எந்தப் பெரிய டாக்டரும் மாத்திரை எழுதித் தந்ததில்லை.

அந்த வியாதியால்தான் ஒரு காலேஜ் லைப்ரரியில், படித்த பெரிய மனுஷர்கள் முன்னிலையில், என் பேத்தியின் வேலைக்கு நானே குழி தோண்டினேன். எப்படி என்று பைய சொல்லுகிறேன். அவசரக்காரர்கள் இப்போதே பஸ் பிடித்துப் போகலாம்.

நான் அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே கரமனைக்கு வந்தவள். வீட்டுக்காரர் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் தோசைக்கல்லோடு நின்றார். நான் கட்டட வேலையில் கல் சுமந்தேன். எழுத்துக்கும் எனக்கும் வழக்கு ஒன்றும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆனால் இந்த ஊரில் படிக்காத கிழவிகளைச் சும்மா விடமாட்டார்கள். வீடு தேடி வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பெஞ்சில் உட்கார வைத்து, நாலாங்கிளாஸ் பரீட்சை எழுத வைப்பார்கள். என்னையும் எழுத வைத்தார்கள். மலையாளத்தில் எழுதிப் பாஸானேன். ஒரு சொல்லின் கடைசி எழுத்துக்கு நான் போய்ச் சேரும்போது முதல் எழுத்து மறந்துபோகும். அது வேறு விஷயம். பாஸ் என்றால் பாஸ்.

இப்போது ஏழாங்கிளாஸுக்குப் படிக்கிறேன். மாணவி என்று அச்சடித்து, போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று தந்திருக்கிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் ரேஷன் கடைக்குக்கூடப் போவேன். ஒருநாள் பஸ்ஸில் அந்த அட்டையை நீட்டி, மாணவர் சலுகை டிக்கெட் கொடு என்றேன். கண்டக்டர் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"அம்மச்சி, ஏது ஸ்கூலா?"

"ஸ்கூல் எதா இருந்தா ஒனக்கென்னல? மாணவியா இல்லையா, அதச் சொல்லு."

பின்னால் நின்ற காலேஜ் பிள்ளைகள் எல்லாம் எனக்காகக் கூச்சல் போட்டார்கள். கண்டக்டர் கைகூப்பி, டிக்கெட்டே கேட்காமல் முன்பக்கம் போய்விட்டான். இதுதான் என் கல்வித் தகுதி. இனி கதைக்கு வருவோம்.

மூத்த மகனின் மகள் இசக்கியம்மாள் என்னோடு இருக்கிறாள். லைப்ரரிப் படிப்புப் படித்து, இந்த ஊரில் ஒரு காலேஜ் லைப்ரரியில் ஒப்பந்த வேலையில் சேர்ந்திருந்தாள். (எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். எனக்கு வாய் உண்டு என்பது உண்மை, ஆனால் புத்தியும் பின்னாலேயே வந்து சேரும்.) அங்கே அவளுக்குப் பேர் இஷாவாம். நான் எங்கள் அம்மனுக்கு நேர்ந்து வைத்த பேர், இரண்டு எழுத்தாகத் தேய்ந்துபோயிருந்தது.

"அங்க என்னட்டி வேலை? புஸ்தகம் அடுக்கதா?" என்று கேட்டேன்.

"புஸ்தகம் இல்ல ஆச்சி. உலகத்துல ஆராய்ச்சி பண்ணுதவங்க எழுதுன கட்டுரையெல்லாம் பெரிய பெரிய கம்ப்யூட்டர்ல சேத்து வச்சிருப்பாங்க. அதுக்கு டேட்டாபேஸ்னு பேரு. காலேஜு சந்தா கட்டுது. பிள்ளைங்க அத எடுத்துப் படிக்கணும். ஒருத்தரும் எடுக்கல."

"ஏன், படிக்கதுக்குச் சோம்பலா, மடியா?"

"மடி இல்ல. உள்ள போறதுக்கு வழி தெரியல. கம்ப்யூட்டர்ல வருத லைப்ரரி வெப்சைட்டுப் பக்கம் அந்த லட்சணத்துல இருக்கு."

அந்தப் பக்கத்தை உண்டாக்கியவர் அங்குள்ள தலைமை லைப்ரேரியன் ஸார். தலைமைக்கு வந்த புதிதில் தன் கையாலேயே உண்டாக்கினாராம். அதில் ஒரு எழுத்தை மாற்றச் சொன்னாலும், பெற்ற பிள்ளைக்கு மொட்டையடிக்கச் சொன்ன மாதிரி முகம் வாடிப்போகுமாம். அதனால் பல வருஷமாக அது அப்படியே இருந்தது. பிள்ளைகள் வரவில்லை என்றால் பிள்ளைகளுக்குப் படிப்பில் ருசி இல்லை என்று ஸார் அறிக்கை எழுதுவார். சோறு வேகவில்லை என்றால் சாப்பிட வந்தவன் பல்லைக் குறை சொல்லலாம் என்று நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இசக்கி புதிய பக்கம் ஒன்று செய்தாள். அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி. கமிட்டிக்கு முன்னால், அந்த லைப்ரரிக்குப் புதிய மாணவர்கள் அஞ்சு பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் கொடுத்து, யாரும் சொல்லித்தராமல் அவர்களாகவே ஒரு கட்டுரையைக் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். புதிய பக்கம் ஜெயித்தால் இசக்கியின் வேலை நீளும். இல்லாவிட்டால் அந்த மாசத்தோடு சரி. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு. ஊரில் அவள் அப்பன் மாப்பிள்ளை பார்த்துத் தயாராக நின்றான்.

புதிய பக்கத்தைத் திரை அளவுக்கே காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக அடுக்களைச் சுவரில் ஒட்டினாள். சாப்பிடும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், எழுந்துபோய்ப் பென்சிலால் எதையாவது கிறுக்குவாள். ஒட்டிய அன்றைக்குச் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டாள்.

"ஆச்சி, சும்மா ஒரு பேச்சுக்கு, கரமனை ஆத்தைப் பத்திக் கட்டுரை வேணும்னு வச்சுக்கோ. எங்க தொடுவே?"

"ஆறு நம்ம கொல்லைக்குப் பின்னாலதான ஓடுது? போய்ப் பாத்துட்டு வாயேன்."

"ஆச்சி!"

சரி என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பெட்டியைத் தொட்டேன். தலையாட்டினாள். இன்னொன்றைத் தொட்டேன். அதற்கும் இல்லை என்று தலையாட்டினாள். மேலே கோபுரம் மாதிரி ஒன்று இருந்தது, அதைத் தொட்டேன். அது காலேஜ் முத்திரையாம். இசக்கி சிரித்துவிட்டு, என் தோளில் கைபோட்டுச் சொன்னாள்: "பரவால்ல ஆச்சி. தப்பு உன் மேல இல்ல. பக்கத்து மேல."

எனக்குச் சுருக்கென்றது. எழுபத்திரண்டு வருஷமாக என் தப்பை நானே செய்து வருகிறேன். ஒரு காகிதம் வந்து அதை வாங்கிக்கொள்வதா? அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. வியாதி!

மறுநாளிலிருந்து இசக்கி வேலைக்குப் போனதும் நான் சுவரோடு படிக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் அவள் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே அந்தக் காகிதங்களைத் தொடுகிற வரிசையைக் கண்ணில் வாங்கிவைப்பேன். பகலில் பருப்பு வேகிற நேரம் அதையே விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். எழுத்தைப் படித்தேன் என்று நினைக்கவேண்டாம். நம் வீட்டில் எந்த சுவிட்சுக்கு எந்த பல்பு என்று யாராவது வாசித்துப் பார்த்தா போடுகிறோம்? கைக்குத் தெரியும். அப்படித்தான். முதல் காகிதத்தில் ரெண்டாம் வரிசை மூணாம் பெட்டி. அடுத்ததில் நடுவில் நீலம். அடுத்ததில் கீழே வலப்பக்கம் பச்சை. கடைசியில் மேலே இருக்கிற முதல் தலைப்பு. ஒரு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டே தொடுவேன். இசக்கியிடம் மூச்சு விடவில்லை. என்றைக்காவது அவள் மறுபடி கேட்கட்டும், அப்போது காட்டுகிறேன் என்று வைத்திருந்தேன்.

கமிட்டி நாள் வந்தது. சோதனைக்கு வருகிற பிள்ளைகளுக்குக் கூலி கொடுக்க வழியில்லையாம், பலகாரம் கொடுக்கலாமாம். நான் நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போட்டு, தூக்குவாளியில் அடைத்து, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இசக்கியோடு கிளம்பினேன். காலேஜ் கேட்டுக்குப் போனால் கொடி கட்டியிருக்கிறது, நாலு பேர் நின்று கோஷம் போடுகிறார்கள். அன்றைக்கு மாணவர் சங்கத்தின் படிப்புமுடக்கு, நம் பாஷையில் ஸ்டிரைக். எதற்கு என்று கேட்டேன். கோஷம் போட்டவர்களில் ரெண்டு பேர் ரெண்டு காரணம் சொன்னார்கள். மொத்தத்தில் காலேஜில் ஒரு மாணவர் கிடையாது. கமிட்டி மட்டும் நேரத்துக்கு வந்து குளிர் அறையில் உட்கார்ந்திருந்தது. (படிப்பு முடங்கினாலும் கமிட்டி முடங்காது என்பது இந்த ஊரின் சிறப்பு.)

லைப்ரேரியன் ஸார் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வருத்தம்! மீசைக்குக் கீழே மட்டும் ஒரு சிரிப்பு.

"கஷ்டமாயிப்போயி, இஷா. ஸ்டூடண்ட்ஸ் இல்லாதே எந்து டெஸ்ட்? பழைய பேஜ் அவிடே இருக்கட்டே."

"ஸார், அடுத்த வாரம் வச்சாலோ?"

"அடுத்த வாரம் மாசம் தீரும். கான்ட்ராக்டும் தீரும்."

இசக்கி கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்ன வயசில் விழுந்து முட்டி பெயர்ந்தாலும் அவள் அழமாட்டாள், உதட்டைத்தான் கடிப்பாள். நான் தூக்குவாளியைக் கீழே வைத்தேன். கழுத்து அட்டையைக் கழற்றி ஸார் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"மாணவிதான வேணும்? இந்தா இருக்கேன். இந்த லைப்ரரிக்குப் புதுசு. அதுலயும் குறை சொல்ல முடியாது."

"ஆச்சி, வேண்டாம்!" என்றாள் இசக்கி. "ஸார், இது என் ஆச்சி. சொந்தக்காரங்களை வச்சுப் பாக்கது முறையில்ல."

முறை பேச வேண்டிய ஸார் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கண்ணாடிக்கு நூல் கட்டியிருப்பதைப் பார்த்தார். அட்டையைத் திருப்பி ஏழாங்கிளாஸ் என்பதைப் படித்தார். அவர் மனசு ஓடிய ஓட்டம் எனக்கு நன்றாகத் தெரிந்தது: இந்தக் கிழவி தொட்டால் எந்தப் பக்கமும் தோற்கும்.

"முறையொக்கே நோக்கண்டா," என்றார் தேன் ஒழுக, முறையெல்லாம் பார்க்கவேண்டாமாம். "அம்மச்சி இருக்கட்டே. அம்மச்சிக்குப் பற்றுமெங்கில் ஆர்க்கும் பற்றும். அப்போள் புதிய பேஜ் ஞானே சம்மதிக்கும்."

கமிட்டியில் பொருளாதாரம் படிப்பிக்கிற சாரதா டீச்சர் என்று ஒரு அம்மாள். அவளும் சரி என்றாள். "அம்மச்சிக்கு முடியுமென்றால் யாருக்கும் முடியும்" என்று ஸார் சொன்னதைக் கவனித்தீர்களா? அதைக் கேட்டபிறகு என்னை அங்கிருந்து கிளப்ப கிரேன்தான் வரவேண்டும்.

ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். மேஜையில் திரை, பெரிய போன் மாதிரி, தொட்டால் போதும். பக்கத்தில் ஒரு மைக். கமிட்டியும் ஸாரும் பழம்பொரியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள். டீ குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். எதிரே இசக்கி உட்கார்ந்து, காகிதத்தைப் பார்த்து நியூஸ் வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள். வீட்டில் என்னை நீ, வா, போ என்பவள். அங்கே நீங்க, வாங்க.

"வணக்கம். பரீட்சை உங்களுக்கு இல்ல, இந்தப் பக்கத்துக்குத்தான். உங்க பேச்சைப் பதிவு செய்வோம், அடுத்த அறையில கேட்பாங்க. உங்க மனசுல என்ன தோணுதோ, எதையும் மறைக்காம, நிறுத்தாம வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இருங்க. கரமனை ஆத்தைப் பத்தி ஒரு கட்டுரைய நீங்களே கண்டுபிடிக்கணும். என்னால உங்களுக்கு உதவி செய்ய முடியாது."

தலையாட்டினேன். பாங்கில் கைநாட்டு வாங்கும்போது வாசிக்கிறார்களே, அதை யாராவது காதுகொடுத்துக் கேட்கிறார்களா? "மறைக்காம, நிறுத்தாம" மட்டும் காதில் விழுந்தது. கல்யாணமான நாள் முதல் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. அதற்கு முந்தின வரி எந்த வழியாகப் போயிற்று என்று தெரியவில்லை.

முதலில் பழைய பக்கம். கறுப்புத் தரையில் சிவப்பு எழுத்து. மேலே ஒரு வரி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருந்தது. மூலையில் ஸாரின் போட்டோ.

"இதுல எதைட்டி தொடணும்?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

"நினைக்கத் தெரிஞ்சா ஒன்ன ஏன் கேக்கேன்?"

அவள் என்னவோ எழுதிக்கொண்டாள்.

"இந்தச் சிவப்பா?"

"நீங்க என்ன நினைக்கீங்க?"

நான் தூக்கி வளர்த்த பிள்ளை! இருக்கட்டும் என்று, சொன்னபடியே மனசைத் திறந்துவிட்டேன். "எழுத்து ஓடுது. எனக்கு நின்ன எழுத்தே பிடிபடாது, இது ஓட வேற செய்யுது. கீழ இங்கிலீசுல வரிசையா என்னமோ எழுதியிருக்கு, மருந்துக் கடை மாதிரி. போட்டோ மட்டும் நல்லாத் தெரியுது. பிள்ளைங்க இதப் பாக்கவா வரும்? போட்டோல மீசை நரைச்சிருக்கு, நேர்ல கறுகறுன்னு இருக்கு. எந்தக் கடை மையோ, உதட்டுல வழிஞ்சு நிக்கி. பொண்டாட்டியாவது சொல்லக்கூடாதா?"

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பழம்பொரி புரையேறியிருக்கும் என்று நினைத்தேன். இசக்கி கண்ணை உருட்டினாள். உதவி செய்யக்கூடாது என்றாளே, அதனால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எதையோ தொட்டேன், பாஸ்வேர்டு கேட்டது. அதை மாடியில் ஆபீசில் போய் வாங்க வேண்டுமாம். திரும்பி வந்தேன், வேறொன்றைத் தொட்டேன், அதுவும் மாடிக்கே அனுப்பியது. கடைசியில் மலையாளத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். "உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்றிருந்தது. எழுபத்திரண்டு வயசுக்காரியிடம் சொல்லுகிற வார்த்தையா இது? அதையும் மைக்குக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அடுத்து புதிய பக்கம் வந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் அடுக்களைச் சுவர்! புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"ரெண்டாம் வரிசை மூணாம் பெட்டி," என்று சொல்லித் தொட்டேன். திறந்தது. "நடுவுல நீலம்." திறந்தது. "கீழ வலப்பக்கம் பச்சை." இசக்கியின் பேனா நின்றுவிட்டது. கடைசித் தொடலுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். (வேண்டாத வேலைதான். ஆனால் அப்படி ஒரு நேரம் வாழ்க்கையில் எத்தனை முறை வரும்?) கண்ணைத் திறந்தால் கரமனை ஆறு, போட்டோவோடு, முழுக்கட்டுரை.

அடுத்த அறையில் யாரோ கைதட்டினார்கள். இசக்கிக்கு மட்டும் முகம் வெளுத்துப்போயிருந்தது. காகிதத்தில் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருந்தது போல. அதைச் சின்னக் குரலில் வாசித்தாள்.

"இதை... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

மறைக்கக்கூடாது அல்லவா?

"கண்டுபிடிக்க என்னட்டி இருக்கு? நீ சுவத்துல ஒட்டி வச்சத, பருப்பு வேகுத நேரமெல்லாம் தொட்டுத் தொட்டு நெட்டுருப் போட்டுட்டேன்லா! ஒரு எழுத்துகூடப் படிக்கல. ஆகாதுன்னு நினைச்சியோ?"

கைதட்டல் நின்றது. நாற்காலி நகர்ந்தது. கதவைத் திறந்துகொண்டு ஸார் நின்றார். பின்னால் கமிட்டி முழுவதும்.

"கேட்டில்லே டீச்சரே? வீட்டில் படிப்பிச்சு கொண்டுவந்ததாணு!"

"ஸார், சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள் இசக்கி.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் வாயை மூடியிருப்பார்கள். என்னை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. நான் பாட்டுக்கு எழுந்து, மனசில் தோன்றுவதைச் சொல்லிக்கொண்டே அவர்கள் அறைக்குள் போனேன். "ஓகோ, இங்க டிவி வச்சுக் கேட்டுட்டு இருந்தீங்களோ. தட்டு காலி. பிள்ளைகளுக்குன்னு கொண்டுவந்த பழம்பொரி, ஒண்ணு மிச்சமில்ல. ஸாருக்கு முகம் சிவந்திருக்கு. மீசைய பக்கத்துல பாத்தா மை இன்னும் காயல."

"அம்மச்சி, மதி!" என்று கத்தினார். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம்.

"மதியாம். நிறுத்தாம பேசச் சொன்ன பேத்தியில்லா சொல்லணும்," என்றேன், அதுவும் வாய்விட்டு.

ஸார் இசக்கி பக்கம் திரும்பினார். "தனக்கு ஈ ஜோலி வேண்டே?" உனக்கு இந்த வேலை வேண்டாமா என்று. கேட்டது அவளை. ஆனால் பதில் என் மனசில்தான் முதலில் தோன்றியது.

"வேண்டாமலா? வேலை போயிருமோன்னு பயந்து போய்த்தான, போன வாரம் பல்லுவலின்னு லீவு போட்டுட்டு எர்ணாகுளத்துக்கு இண்டர்வியூவுக்குப் போனா? பல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு அவளுக்கு. பாவம், போற வழியெல்லாம் அழுதுக்கிட்டே போயிருக்கா."

பேத்திக்காகப் பரிந்து பேசுகிறேன் என்றே நினைத்தேன்.  இசக்கி கண்ணை மூடிக்கொண்டாள். சாரதா டீச்சர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன், தோள் குலுங்கியது, சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இஷா, ஆத்யம் டெஸ்ட் தீர்ந்நு என்னு அம்மச்சியோடு பற. ப்ளீஸ்."

இசக்கி என் கையைப் பிடித்தாள். "சோதனை முடிஞ்சுது ஆச்சி. இனிமே மனசுலயே வச்சுக்கலாம்."

அப்போதுதான் நிறுத்தினேன்.

 வீட்டுக்கு வந்ததும் இசக்கி நேரே அடுக்களைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தாள். காகிதத்தில் அங்கங்கே மஞ்சள் கறை. தாளிக்கும்போது தெறித்தது என்று ஒரு வாரமாக நினைத்திருந்தாளாம். கிட்டேபோய்ப் பார்த்தால் ரெண்டாம் வரிசை மூணாம் பெட்டியில் ஒரு விரல், நீலத்தில் ஒரு விரல், பச்சையில் ஒரு விரல். எல்லாம் என் கைரேகை. போலீஸுக்குக்கூட இவ்வளவு சுத்தமாகக் கிடைக்காது.

அதற்குப் பிறகு நான் பட்ட தண்டனை இருக்கிறதே. "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டால், "நீங்க என்ன நினைக்கீங்க?" "மழை வருமா, துணிய எடுக்கட்டா?" "நீங்க என்ன நினைக்கீங்க?" "எம் மேல கோவமா?" அதற்கும் அதே பதில்தான், நியூஸ் வாசிக்கிற அதே குரலில். ஆறு பேரை வளர்த்தபோது எத்தனையோ பேர் என்னை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். மரியாதை கொடுத்து யாரும் இப்படிக் கொன்றதில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, ஊரிலிருக்கிற மகனுக்குப் போன் போட்டேன். அவன் மாப்பிள்ளை வீட்டார் எப்போது வரலாம் என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன். என் வாயால் ஒரு பிள்ளையின் வழி அடைபட்டுப்போயிற்று என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. அன்றைக்கு அவளைச் சமாதானப்படுத்தப் புதிதாகப் போட்ட பழம்பொரி எனக்கே கசந்தது.

ஸார் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? இசக்கியை அன்றைக்கே வெளியே அனுப்ப அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது: சொல்லிக்கொடுத்த சோதனை, இல்லாத பல்லுவலி. ஆனால் சாரதா டீச்சர் கமிட்டிக் கூட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். "ஸாரே, இப்போது இவளை அனுப்பினால் எல்லாரும் அது மீசைக்காக என்றுதான் சொல்லுவார்கள்." மீசை விஷயம் அதற்குள் காவல்காரன் வரைக்கும் போயிருந்தது. அதனால் ஸார், தான் எவ்வளவு நியாயஸ்தர் என்று காலேஜுக்கே காட்டவேண்டிய கட்டாயத்தில் மாட்டிக்கொண்டார். மாசம் முடியும் முன்னால் உண்மையான மாணவர்களை வைத்து மறுபடி சோதனை என்று அவரே அறிவித்தார். இசக்கி பல்லுவலிக்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தாள். என் வாய் கெடுத்ததை என் வாயே காப்பாற்றியது என்று நான் சொல்லிக்கொள்வேன். இசக்கி இதை ஒப்புக்கொள்வதில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு உறுத்துவது. அந்தச் சோதனையில் பிள்ளைகள் பழைய பக்கத்தில் முட்டிமோதி நின்றார்கள்; அது எதிர்பார்த்ததுதான். புதிய பக்கத்தில் மளமளவென்று போனவர்கள், மூணாவது இடத்தில் நின்றுவிட்டார்கள். கீழே வலப்பக்கம் இருந்த பச்சை யார் கண்ணிலும் படவில்லையாம். அதில் எழுதியிருந்தது என்ன என்று படித்தவர்களுக்கும் அர்த்தம் புரியவில்லையாம். நான் எழுத்தைப் பார்க்காமலே தொட்ட இடம்! என் நெட்டுருவை நம்பி அன்றைக்கே பக்கத்தை ஏற்றிருந்தால் காலேஜ் முழுவதும் அந்தப் பச்சையைத் தேடி அலைந்திருக்கும். இசக்கி அதை மேலே தூக்கிவைத்து, எழுத்தை மாற்றி, பாஸ்வேர்டைத் தேடி மாடி ஏறவேண்டாதபடியும் செய்தாள். அடுத்த தடவை பிள்ளைகள் தேடியதை எடுத்துவிட்டார்கள். கமிட்டி ஏற்றது. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷத்துக்கு நீண்டது. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஆச்சி, பசிக்கி, சோறு போடு" என்றாள். நீங்க இல்லை. நான் ரெண்டு கரண்டி அதிகமாகவே போட்டேன்.

எர்ணாகுளத்துக்காரர்கள் இன்றுவரை கூப்பிடவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. புதிய பக்கத்தில் ஸாரின் போட்டோவுக்கு இடம் வரவில்லை. ஸார் மீசையை எடுத்துவிட்டார். வயசு குறைந்த மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சொல்லமாட்டேன், மனசில்தான் வைத்திருக்கிறேன்.

அந்த லைப்ரரியில் இப்போதும் மாணவர்களை வைத்துச் சோதிக்கிறார்கள். வாசிக்கிற காகிதத்தின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம்: "சோதனை முடிந்தது, இனி மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டியதில்லை." அதற்கு அங்கே ஆச்சி வரி என்றே பேர். வீட்டில் அதைவிட மோசம். கல்யாண வீட்டில் பெண்ணின் நிறத்தைப் பற்றி, சாம்பாரின் உப்பைப் பற்றி, சம்பந்தியின் பல்செட்டைப் பற்றி நான் வாயைத் திறந்தால் போதும், ஆறு பேரும், அவர்கள் பெற்றதுகளும், பந்தியில் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே குரலில், "ஆச்சி, சோதனை முடிஞ்சுது!" என்கிறார்கள். நானும் அடங்கிவிடுகிறேன். சாம்பாரில் உப்பு கூடுதல்தான் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதியது இசக்கிதான். நடுவில் பலமுறை பேனா நின்றது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஏட்டி இசக்கி, எழுதுன வரைக்கும் வாசி, கேப்போம். சத்தமா வாசி. நீயா ஒண்ணும் சேக்காத, நான் சொன்ன ஒண்ணையும் விடாத. பல்லுவலி வருத இடத்துல மட்டும் வேகமா ஓடக்கூடாது, ஆமா.